"அறிவு இறுமாப்பை உண்டாக்கும்" என்று சொல்லி என்னை உட்காரவைத்துவிட்டார்கள்; இறையியல் படிப்பை விட்டுவிடட்டுமா?

தென்மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு வாசகர், பெயரும் ஊரும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, நீளமாக எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு 31 வயது. கூட்டுறவு வங்கியில் வேலை, திருமணமாகி 3 வருடம். தாத்தா காலத்திலிருந்து ஒரே சபை. ஓய்வுநாள் பாடசாலையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார், அஞ்சல்வழியில் இறையியலும் படிக்கிறார். புத்தாண்டு ஆராதனையில் ஐயர் (சபைப் போதகர்) எரேமியா 29:11ஐ, அதாவது உங்கள்மேல் நான் வைத்திருக்கும் நினைவுகள் தீமைக்கல்ல, நீங்கள் எதிர்பார்க்கும் முடிவைக் கொடுப்பதற்கே என்று கர்த்தர் சொல்லும் வசனத்தை, வருட வாக்குத்தத்தமாகக் கொடுத்து, வேலைக்கும் விசாவுக்கும் குழந்தைக்கும் சுகத்துக்கும் காத்திருக்கிறவர்களுக்கு எதிர்பார்த்தது இந்த வருடத்துக்குள் கைகூடும் என்று பிரசங்கித்திருக்கிறார். அன்று ராத்திரியே இவர் சபை வாட்ஸ்அப் குழுவில் அந்த வசனத்தின் பின்னணியை விளக்கி, "இப்படிச் சொல்வது வேதத்தைத் திரிப்பது" என்று முடித்து ஒரு நீண்ட பதிவு போட்டார். அடுத்த ஞாயிறு பிரசங்க வசனம் 1 கொரிந்தியர் 8:1, "அறிவு இறுமாப்பை உண்டாக்கும்." சபை முழுக்க இவரைத் திரும்பிப் பார்த்ததாம். வகுப்பு வேறொருவர் கைக்குப் போனது. சபையார் முன்னால் மன்னிப்புக் கேட்டால்தான் திரும்பக் கிடைக்கும் என்று ஐயர் சொல்லிவிட்டார். கமிட்டியில் ஒரு பெரியவர், "அபிஷேகம்பண்ணப்பட்டவரைத் தொடக்கூடாது தம்பி" என்று எச்சரித்தார். அம்மா, "படிச்சது போதும், அந்தப் புஸ்தகத்தையெல்லாம் கட்டி மேலே போடு" என்கிறார். மனைவி, "உங்ககிட்ட எதையும் சொல்லவே யோசனையா இருக்கு, உடனே திருத்துறீங்க" என்கிறார். பக்கத்து ஊரில் தனிச்சபை நடத்தும் ஒரு நண்பர், "இங்கே வந்துடுங்க, மாசம் ஒரு பிரசங்கம் உங்களுக்குத்தான்" என்று கூப்பிடுகிறார். இவருக்குப் பல ராத்திரிகளாகத் தூக்கமில்லை.

நடுவில், அடைப்புக்குறிக்குள், ஒரு வரி. மகன் டயாலிசிஸில் இருக்கிற ஒரு விதவைத் தாய் கோயில் வாசலில் இவரை நிறுத்தி, "அப்போ அந்த வசனம் எனக்கு இல்லையா தம்பி?" என்று கேட்டாராம். இவருக்குப் பதில் வரவில்லை.

அவர் கேட்பது: நான் பெருமைக்காரனா? தாழ்மை என்றால் வாயை மூடிக்கொண்டு இருப்பதா? படிப்பை விடுவதா, சபையை விடுவதா?

தம்பி,

உங்கள் கடிதத்தில் ஐயரைப் பற்றி ஒரு பக்கத்துக்கு மேல் இருக்கிறது, கமிட்டிப் பெரியவரைப் பற்றி ஒரு பத்தி இருக்கிறது, அந்த அம்மாவைப் பற்றி மட்டும் ஒரே ஒரு வரி. நான் அந்த வரியில்தான் நின்றுவிட்டேன். அதற்கு வருகிறேன், முதலில் நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் எழுதிய விஷயம் சரிதான்

இதில் உங்களுக்குக் குழப்பம் வேண்டாம். எரேமியா 29 ஒரு கடிதம். நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோனவர்களுக்கு எரேமியா எழுதி அனுப்பியது. நாம் காலண்டரிலும் வாக்குத்தத்த அட்டையிலும் 11ஆம் வசனத்தை மட்டும் பார்க்கிறோம். அதற்கு முந்தின வசனத்திலேயே 70 வருஷம் என்று இருக்கிறது. அந்தக் கடிதம் வாசிக்கப்பட்டதைக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலானோர் ஊர் திரும்புவதைக் கண்ணால் பார்த்திருக்கவே முடியாது. ஆகவே டிசம்பருக்குள் விசா வந்துவிடும் என்பதற்கு அந்த வசனத்தை ஆதாரமாக வைக்க முடியாது. வராமல் போனால் அடிபடுவது அந்த மனிதனின் விசுவாசம் என்பதால் இது சின்ன விஷயமும் இல்லை. அதை யாராவது சொல்லத்தான் வேண்டும்.

பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே "காரியங்கள் இப்படியிருக்கிறதா" என்று தினந்தோறும் வேதவாக்கியங்களில் ஆராய்ந்து பார்த்தார்கள், அதற்காக அவர்களை நற்குணசாலிகள் என்று அப்போஸ்தலர் 17 பாராட்டுகிறது. அப்போஸ்தலன் பேச்சையே ஆராயலாம் என்றால் ஐயரின் பிரசங்கத்தையும் ஆராயலாம்.

ஆனால் எரேமியா எப்படிச் செய்தார் என்று பாருங்கள்

29ஆம் அதிகாரத்தை நன்றாகப் படித்திருக்கிறீர்கள். 28ஆம் அதிகாரத்தை ஒருமுறை திரும்ப எடுங்கள், இதே பிரச்சினைதான் அங்கேயும். அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில் எல்லாருக்கும் முன்னால், இரண்டு வருஷத்துக்குள் பாபிலோன் ராஜாவின் நுகம் முறிந்துவிடும், கொண்டுபோன ஆலயப் பாத்திரங்கள் திரும்பி வரும் என்கிறான். எரேமியாவுக்கு அது பொய் என்று தெரியும். அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை என்ன தெரியுமா? "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக." நீ சொல்கிறபடியே நடந்தால் என்னைவிடச் சந்தோஷப்படுகிறவன் யார் என்கிற மாதிரி. அதற்கப்புறம்தான் தன் மறுப்பைச் சொல்கிறார். அனனியா அதோடு விடவில்லை, பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்தில் இருந்த மர நுகத்தைப் பிடுங்கி எல்லாரும் பார்க்க உடைக்கிறான். அப்போது எரேமியா ஒன்றும் பேசவில்லை, தன் வழியே போய்விட்டார் என்று 11ஆம் வசனம் சொல்கிறது. கர்த்தருடைய வார்த்தை மறுபடியும் வந்த பிறகுதான் திரும்பி வந்து பேசினார், அதுவும் துளிகூடப் பூசி மெழுகாமல்.

நியாயம் தன் பக்கம் இருந்தும் அவர் அந்த நேரத்தில் திரும்பிப் போனார். தைரியம் இல்லாததால் போகவில்லை. கர்த்தர் இன்னும் ஒன்றும் சொல்லாததால் சொல்ல அவரிடம் ஒன்றும் இல்லை, தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்வதற்காக ஒரு வார்த்தையைச் செலவழிக்கவும் அவருக்கு மனமில்லை. நான் அப்படித்தான் வாசிக்கிறேன். நீங்கள் ராத்திரியோடு ராத்திரியாக எழுதினீர்கள். காலைவரை வைத்திருந்தால் "திரிப்பது" என்ற வார்த்தை அதில் இருந்திருக்குமா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். ஒன்றை மட்டும் செய்துவிடாதீர்கள், உங்கள் ஐயரை அனனியா என்று மனதில் எழுதிக்கொள்ளாதீர்கள். அனனியா கர்த்தர் சொல்லாததைக் கர்த்தர் சொன்னதாகச் சொன்னவன். உங்கள் ஐயர், புத்தாண்டு ராத்திரி கோயில் நிறையக் கவலையோடு உட்கார்ந்திருந்த ஜனங்களுக்கு நல்லதாக ஒரு வார்த்தை சொல்ல ஆசைப்பட்டு அளவு தாண்டியிருக்கலாம். இரண்டும் ஒன்றல்ல.

இன்னொரு சம்பவமும் உங்களுக்குத் தெரிந்ததுதான். அலெக்சந்திரியாவிலிருந்து வந்த அப்பொல்லோ வேதாகமங்களில் வல்லவன், நன்றாகப் பேசுகிறவன், ஆனால் யோவானின் ஸ்நானத்தை மட்டும்தான் அறிந்திருந்தான். எபேசுவில் அவன் ஜெபஆலயத்தில் பேசுவதை ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் கேட்டார்கள். கூடாரம் தைத்துப் பிழைத்த தம்பதி. அங்கேயே எழுந்து மறுத்துப் பேசாமல், அவனைத் தங்களோடு சேர்த்துக்கொண்டு, "தேவனுடைய மார்க்கத்தை அதிக திட்டமாய்" விவரித்துக் காட்டினார்கள். சபை ஒரு நல்ல போதகனை இழக்கவில்லை, அவனுடைய போதனையும் திருந்தியது. கோணலான பிரசங்கத்தைக் கேட்டதும் இவர்களைத்தான் நாம் முதலில் நினைத்துக்கொள்ள வேண்டும். அப்பொல்லோவின் பக்கத்தையும் பாருங்கள்: அத்தனை படித்தவன், கூடாரம் தைக்கிறவர்களிடம் கேட்டுக்கொண்டான்.

தாழ்மை வாயை மூடிக்கொள்வதா?

இல்லை. உங்களைச் சுற்றி இருக்கிறவர்கள் நல்ல மனதோடு சொல்லியிருந்தாலும், இங்கே அவர்கள் சொல்வதை நான் ஏற்க மாட்டேன்.

மோசேயைப் பூமியிலுள்ள சகல மனிதரிலும் மிகுந்த சாந்தகுணமுள்ளவன் என்கிறது எண்ணாகமம் 12. அந்த மோசேதான் பார்வோன் முன்னால் திரும்பத் திரும்பப் போய் நின்றார். அதே மோசேயிடம் மாமனார் எத்திரோ வந்து, நீர் செய்கிற காரியம் நல்லதல்ல என்று சொன்னபோது, கர்த்தரோடு பேசுகிறவனுக்கு நீ புத்தி சொல்வதா என்று கேட்காமல் அப்படியே செய்தார். ராஜாவிடம் பேசவும் முடிந்தது, மாமனாரிடம் கேட்கவும் முடிந்தது. சாந்தகுணம் அவரிடம் இப்படித்தான் இருந்தது.

கமிட்டிப் பெரியவர் சொன்ன வசனம் சங்கீதம் 105:15. அது ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு நிலமில்லாமல் தேசம் தேசமாக அலைந்தபோது, அவர்களுக்குத் தீங்கு செய்யக் கூடாது என்று தேவன் ராஜாக்களைக் கடிந்துகொண்டதைப் பற்றியது. பலமுள்ளவன் கையிலிருந்து பலமில்லாதவனைக் காத்த வசனம் அது. அதை வைத்து ஒரு சபை அங்கத்தினரின் கேள்வியை அடக்குவது பொருந்தாது. கர்த்தர் அபிஷேகம்பண்ணினவர்மேல் கைபோட மாட்டேன் என்ற தாவீதும் தன்னைக் கொல்லத் தேடிய சவுல் ராஜாவிடம் பேசாமல் இருந்துவிடவில்லை, குகையிலிருந்து வெளியே வந்து, முகங்குப்புற விழுந்து வணங்கி, என்னை ஏன் தேடி அலைகிறீர் என்று எல்லார் காதுபடவும் கேட்டான் (1 சாமுவேல் 24). கை ஓங்காமல் இருப்பது ஒன்று, பேசாமல் இருப்பது வேறு. இதைப் பெரியவரிடம் போய் விளக்க வேண்டிய அவசியம் இல்லை. நீங்கள் பயப்படாமல் இருக்கத் தெரிந்துகொண்டால் போதும்.

படிப்பை விட வேண்டாம்

1 கொரிந்தியர் 8:1ஐ உங்கள்மேல் வீசினார்கள் என்று வேதனைப்பட்டிருக்கிறீர்கள். அந்த அதிகாரத்தில் படிப்புக்கு எதிராக ஒரு வரியும் கிடையாது. கொரிந்துவில் சிலர், விக்கிரகம் என்பது ஒன்றுமில்லை, ஆகவே அதற்குப் படைத்ததைச் சாப்பிட்டால் ஒன்றுமில்லை என்றார்கள். பவுலும் அந்த அறிவை ஒத்துக்கொள்கிறார். பிறகு அவர் கேட்பது வேறு: "பலவீனமுள்ள சகோதரன் உன் அறிவினிமித்தம் கெட்டுப்போகலாமா? அவனுக்காகக் கிறிஸ்து மரித்தாரே." அறிவு தப்பு என்று அவர் சொல்லவில்லை, அந்த அறிவு பக்கத்தில் இருக்கிற ஆளுக்கு என்ன செய்தது என்று கேட்கிறார். உங்கள் ஐயர் அந்த வசனத்தைச் சரியான ஆளிடம்தான் சொன்னார், சொன்ன காரணம்தான் சரியில்லை என்பேன். அது உங்களைக் குத்த வேண்டும், படிப்புக்காக அல்ல, வாசலில் நின்ற அந்த அம்மாவுக்காக.

புஸ்தகத்தைக் கட்டி மேலே போடச் சொல்லும் உங்கள் அம்மாவுக்கு 2 தீமோத்தேயு 4:13ஐ வாசித்துக் காட்டுங்கள். சிறையில், சாவு நெருங்கிவிட்டது என்று தெரிந்த நிலையில், பவுல் கேட்டது ஒரு மேலங்கி, புஸ்தகங்கள், விசேஷமாய்த் தோற்சுருள்கள். நாம் கையில் வைத்திருக்கும் தமிழ் வேதாகமத்தின் கதையும் அதே மாதிரிதான். ஜெர்மனியில் படித்துவிட்டு 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்க், சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் எழுத்து கற்றார். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. அவர் தாழ்ந்து உட்காராமல் இருந்திருந்தால் மொழி வந்திருக்காது, படிக்காமல் இருந்திருந்தாலும் அந்தப் புத்தகம் வந்திருக்காது.

ஆதித் திருச்சபையின் பெரிய போதகரான அகஸ்டின் இளம்வயதில் கார்த்தேஜில் வேதாகமத்தை முதன்முதலில் திறந்தபோது, ரோமப் பேச்சாளர் சிசரோவின் நடைக்கு முன்னால் இது ஒன்றுமில்லை என்று மூடி வைத்தவர், தன் இறுமாப்புதான் தன்னை உள்ளே நுழையவிடவில்லை என்று பிற்பாடு அவரே எழுதினார். 410ஐ ஒட்டி தியோஸ்கோருஸ் என்ற இளைஞன், சிசரோவைப் பற்றி யாராவது கேட்டால் தெரியாதவனாக நிற்கக் கூடாதே என்று, அவருக்கு ஒரு கட்டுக் கேள்விகளை அனுப்பினான். சத்தியத்தை அடைகிற வழி முதலாவது தாழ்மை, இரண்டாவது தாழ்மை, மூன்றாவதும் தாழ்மை என்று அகஸ்டின் பதில் எழுதினார். அதைச் சொன்னவர் படிப்பை நிறுத்தினவரா? கடைசிவரை படித்தார், எழுதினார். முதிர்ந்த வயதில் தன் நூல்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டு, இங்கே தவறிவிட்டேன், இதை இப்படிச் சொல்லியிருக்க வேண்டும் என்று திருத்தி எழுதவே உட்கார்ந்தார். அறிவு தேடுகிறவனிடம் நான் பார்க்க ஆசைப்படுகிற தாழ்மை இது.

இன்னும் எளிதாக வேண்டுமானால் மத்தேயு 11:29 போதும். "நான் சாந்தமும் மனத்தாழ்மையுமாய் இருக்கிறேன்" என்று சொன்ன ஆண்டவர் அதே மூச்சில் "என்னிடத்தில் கற்றுக்கொள்ளுங்கள்" என்கிறார். அவர் ஒன்றாக வைத்த இரண்டை நாம் பிரித்து, ஒன்றைப் படித்தவனுக்கும் மற்றதைப் படிக்காதவனுக்கும் கொடுத்துவிடக் கூடாது.

அந்த அம்மாவுக்கு என்ன சொல்வது

தம்பி, உங்கள் படிப்பு அதிகமாகிவிட்டது என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு அது பாதியில் நின்றுவிட்டது என்றுதான் படுகிறது. வசனம் முதலில் யாருக்கு எழுதப்பட்டது என்று கண்டுபிடித்தீர்கள், இன்றைக்கு அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர் யார் என்று பார்க்கவில்லை. அந்த அம்மாவின் கையில் இருந்த ஒரு பிடிமானத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வேறொன்றும் வைக்காமல் போய்விட்டீர்கள். உங்கள் பதிவில் தப்பு இருந்தது என்றால் நான் இதைத்தான் சொல்வேன். ஐயருக்கு ஏற்பட்ட மனவருத்தம்கூட இரண்டாவதுதான்.

இந்த வாரத்துக்குள் அவர்கள் வீட்டுக்குப் போங்கள். மனைவியையும் கூட்டிக்கொண்டு போனால் நல்லது. நோட்டோ விளக்கமோ எடுத்துக்கொண்டு போக வேண்டாம். மகன் எப்படி இருக்கிறான், வாரத்தில் எத்தனை நாள் டயாலிசிஸ், கூட யார் போகிறார்கள் என்று கேளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் அவர்கள் சேர்ந்திருக்கிறார்களா என்று பாருங்கள், வங்கியில் வேலை செய்கிற உங்களுக்குப் படிவம் எல்லாம் பழக்கம், அவர்களுக்கு அது மலை மாதிரி. அந்த வசனத்தைப் பற்றி அவர்களே எடுத்தால் மட்டும் பேசுங்கள். கிட்டத்தட்ட இப்படிச் சொல்லலாம்:

"அம்மா, இந்த வருஷத்துக்குள்ள எல்லாம் சரியாயிரும்னு அந்த வசனத்துல தேதி போடலை. ஆனா கோயிலை விட்டு, ஊரை விட்டுத் தூக்கிட்டுப் போனவங்ககிட்ட, கடவுள் நம்மளைக் கைவிட்டுட்டார்னு நினைச்சவங்ககிட்ட, உங்கமேல நான் வச்சிருக்கிறது தீமைக்கான நினைவு இல்லைன்னு சொல்றார். அங்கேயே வீடு கட்டுங்க, தோட்டம் போடுங்க, கூப்பிடுங்க, நான் கேட்பேன்னு சொல்றார். பாபிலோன்லயே கேட்கிறவர் ஆஸ்பத்திரியில கேட்காம இருப்பாரா? அது உங்களுக்கும்தான்மா. அன்னைக்கு நான் பதில் சொல்லாமப் போனதுக்கு மன்னிச்சுக்கோங்க."

அதற்கப்புறம் நீங்கள் அவரிடம் கேளுங்கள், இத்தனை நாளும் எந்த வசனம் உங்களைத் தாங்குகிறது என்று. காத்திருப்பதைப் பற்றி உங்கள் பாடப்புத்தகத்தில் இல்லாத ஏதாவது அவருக்குத் தெரிந்திருக்கும். எழுதி வைத்துக்கொள்ளுங்கள். யாக்கோபு 3 சொல்கிற பரத்திலிருந்து வருகிற ஞானம் சமாதானமும் சாந்தமும் இணக்கமும் உள்ளது, "இரக்கத்தாலும் நற்கனிகளாலும் நிறைந்தது". அதைத் தேர்வில் எழுதி மார்க் வாங்கிவிடலாம், ஆனால் கற்றுக்கொள்வது இந்த மாதிரி வீடுகளில்தான்.

நான் பெருமைக்காரனா?

கடிதத்தை மட்டும் வைத்து அதைத் தீர்மானிக்க என்னால் முடியாது, நான் முயலவும் மாட்டேன். ஒரு சோதனை தருகிறேன். 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த துறவி பெர்னார்டு, கிளேர்வோ மடத்தின் தலைவர், உன்னதப்பாட்டைப் பற்றிய பிரசங்கம் ஒன்றில், மனிதர்கள் ஏன் அறிவைத் தேடுகிறார்கள் என்று பிரித்துப் பார்த்தார். சிலர் தெரிந்துகொள்வதற்காகவே தேடுகிறார்கள், அது வெறும் ஆவல். சிலர் தங்களை நாலு பேர் அறிய வேண்டும் என்று தேடுகிறார்கள், அது வீண்பெருமை. சிலர் விற்றுப் பணமோ பதவியோ சம்பாதிக்கத் தேடுகிறார்கள். சிலர் பிறரைக் கட்டியெழுப்பத் தேடுகிறார்கள், அது அன்பு. சிலர் தாங்கள் கட்டப்படத் தேடுகிறார்கள், அது விவேகம். அந்த ராத்திரி அனுப்பும் பொத்தானை அழுத்தியபோது இதில் எது உங்களுக்குள் இருந்தது? இரண்டு மூன்று கலந்து இருந்திருக்கும், எல்லாருக்கும் அப்படித்தான். பதிவு போட்ட பிறகு யார் யார் பார்த்தார்கள், யார் கட்டைவிரல் போட்டார்கள் என்று விடியும்வரை பார்த்துக்கொண்டிருந்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதை ஜெபத்தில் ஒளிக்காமல் சொல்லுங்கள், போதும். ஆனால் "நான் ஒன்றுமில்லை, எனக்கு ஒன்றும் தெரியாது" என்று இப்போது உங்களையே அடித்துக்கொள்கிறீர்களே, அதையும் தாழ்மை என்று நான் எண்ண மாட்டேன். அங்கேயும் பேச்சு முழுக்க உங்களைப் பற்றியேதான் ஓடுகிறது.

இந்தக் கேள்விக்கு என்னைவிட நன்றாகப் பதில் தெரிந்தவர் உங்கள் மனைவி, பதிலைச் சொல்லியும்விட்டார். "சொல்லவே யோசனையா இருக்கு" என்றால் வீட்டிலும் வகுப்பு நடக்கிறது என்று அர்த்தம். கொஞ்ச நாளைக்குக் குடும்ப ஜெபத்தில் அவர் வாசிக்கட்டும், அவர் முதலில் பேசட்டும், நீங்கள் கேள்வி மட்டும் கேளுங்கள், பதில் தெரிந்த கேள்வியாக இல்லாமல் உண்மையாகவே தெரியாததை. பன்னிரண்டு வயதில் இயேசு தேவாலயத்தில் போதகர் நடுவில் உட்கார்ந்து செய்ததும் அதுதான், அவர்கள் பேசக் கேட்டார், அவர்களிடம் வினாவினார்.

ஐயர், மன்னிப்பு, நண்பரின் அழைப்பு

மன்னிப்புக் கேட்டால் சத்தியத்தை விட்டுக்கொடுத்ததாகிவிடும் என்று பயப்படுகிறீர்கள். இரண்டையும் தனித்தனியே பிடித்துக்கொள்ளுங்கள். விதத்துக்கு மன்னிப்புக் கேளுங்கள், விஷயத்துக்கு வேண்டாம். முதலில் தனியாகப் போங்கள், முன்கூட்டியே நேரம் கேட்டுவிட்டு. "ஐயா, அது நேரில் வந்து உங்களிடம் பேசியிருக்க வேண்டிய விஷயம். எல்லாருக்கும் முன்னால் எழுதினது தப்பு, 'திரிப்பது' என்று சொன்னதும் தப்பு, மன்னிச்சுக்கோங்க. அந்த வசனத்தைப் பற்றி எனக்கு இன்னும் கேள்வி இருக்கு, ஒரு நாள் உங்களோடு உட்கார்ந்து பேச ஆசைப்படுறேன்." இவ்வளவு போதும். "ஆனால் நீங்களும்..." என்று ஒரு வாக்கியம் நாக்கு நுனிவரை வரும், அதை அன்றைக்கு விழுங்கிவிடுங்கள். பவுல் தீமோத்தேயுவிடம், முதிர்வயதுள்ளவனைக் கடிந்துகொள்ளாமல் தகப்பனைப்போலப் பாவித்துப் புத்தி சொல் என்றார். புத்தி சொல்லாதே என்று அவர் சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள்.

எல்லார் முன்னாலும் கேட்கச் சொன்னால்? நீங்கள் குழுவில் எழுதியதால் குழுவிலேயே இதைச் சுருக்கமாக எழுதுவது நியாயம்தான். வசனத்தைப் பற்றி எழுதியது பொய் என்று வாசிக்கச் சொன்னால் மட்டும் பணிவாக மறுத்துவிடுங்கள். அதற்காக வகுப்பு கிடைக்காமல் போனால் போகட்டும். வகுப்பு சபை கொடுத்த பொறுப்பு, உரிமை என்று சண்டை போடுகிற விஷயம் இல்லை, ஆனால் காரணம் என்ன, எவ்வளவு காலம் என்று கமிட்டியில் கேட்பது அடங்காமை ஆகாது. நற்கருணையை மறுப்பது, குடும்பத்தில் மற்றவர்களை ஒதுக்குவது, உங்கள் பெயரைச் சொல்லி மேடையில் திட்டுவது என்று போனால் கதை வேறு. அதைப் பொறுத்துக்கொண்டே இருப்பதற்குத் தாழ்மை என்று பெயர் வைக்காதீர்கள். திருமண்டலத்தில் (பல சபைகளை ஒன்றாக நிர்வகிக்கும் அமைப்பில்) உங்களுக்கு நம்பிக்கையான மூத்த போதகர் ஒருவரிடம் போய் நிதானமாகச் சொல்லுங்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அந்த அளவுக்குப் போகவில்லை. ஒரு ஞாயிறு கோபத்தில் பிரசங்கித்துவிட்ட மனிதராகத்தான் தெரிகிறார்.

பக்கத்து ஊர் நண்பரின் அழைப்பு எனக்குக் கொஞ்சம் கவலை தருகிறது. அந்தச் சபையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. காயத்தோடு இருக்கிறவனுக்கு மேடை கிடைத்தால் அவன் காயத்தைத்தான் பிரசங்கிப்பான், கேட்கிறவர்கள் அதைச் சத்தியத்துக்கான வைராக்கியம் என்று பாராட்டுவார்கள், அது நாக்கில் ஒட்டிக்கொள்ளும். "உங்களில் அநேகர் போதகராகாதிருப்பீர்களாக" என்று யாக்கோபு சொன்னதற்கு அவர் கொடுத்த காரணம், அதிக ஆக்கினையை அடைவோம் என்பது. சபை மாறுவது பாவம் இல்லை, சில பேர் மாறத்தான் வேண்டியிருக்கிறது. ஆனால் ஐயரோடு ஒரு தடவைகூடத் தனியாக உட்கார்ந்து பேசாமல் போகாதீர்கள். நண்பரிடம் இந்த வருடம் இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

தூக்கத்தை அலட்சியம் செய்யாதீர்கள். ராத்திரி ஒன்பதுக்கு மேல் அந்தக் குழுவைத் திறக்க வேண்டாம், போனை வேறு அறையில் வையுங்கள். அப்படியும் இரண்டு வாரத்தில் தூக்கம் சரியாகவில்லை என்றால் ஒரு டாக்டரைப் பாருங்கள், விசுவாசக் குறைவு என்று நினைத்துத் தள்ளிப்போட வேண்டாம். 14416க்குப் போன் செய்தால் தமிழிலேயே இலவசமாக மனநல ஆலோசனை கிடைக்கும்.

தேர்வுக் கட்டணம் கட்ட இந்த மாதம்தான் கடைசி என்று எழுதியிருந்தீர்கள். கட்டிவிடுங்கள்.